குல்லாவின் மடிப்பில் நாலெழுத்து

பின்னல் குல்லாவில் சின்ன எழுத்துத் தைப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை என் எம்ப்ராய்டரித் தொழிலில் வேறு இல்லை. சட்டைத் துணி சொன்னபடி கேட்கும். குல்லா கேட்காது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ஊசி இறங்கிய இடத்தில் வாயைத் திறந்து நூலை விழுங்கிவிடும். மார்கழிக் குளிர் தொடங்கினால் வைட்ஃபீல்டிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருவார்கள். போனில் லோகோவைக் காட்டி, அதற்கு அடியில் எறும்பு வரிசை மாதிரி ஒரு வாக்கியத்தையும் காட்டி, "இதையும் போட்டுடுங்க அண்ணா" என்பார்கள். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து கேட்டால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். "உங்க ஆளுங்க தொப்பியக் கழட்டிக் கையில வச்சுப் படிக்கப் போறாங்களா?" என்று கேட்டுவிடுவேன். கேட்டுவிட்டுத் தைத்தும் கொடுப்பேன். என் கடை இருக்கும் அடுகோடியில் இதை என்னை விட்டால் யாரும் சுத்தமாகச் செய்ய மாட்டார்கள் என்று ஒரு திமிர்.

எங்கள் மகள் பதினொரு நாள் உயிரோடு இருந்தாள். அந்தப் பதினொரு நாளில் அவளுக்கு நான் நாலு குல்லா தைத்தேன். ஒரு தடவைகூட அவளைத் தூக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கு நானே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஏழாம் மாதம் தொடங்கியதுமே பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே படுக்க வைத்திருந்தார்கள். தலை ஒரு சாத்துக்குடி அளவு. என் கட்டைவிரலை அவள் தொடையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், என் விரல்தான் தடிமன். மெஷின் எண்ணெயும் ஊசி குத்திய காய்ப்பும் ஏறிய விரல். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வந்த வேகத்திலேயே வெளியே போகத் தோன்றியது.

இரண்டாம் நாள் அவளுக்கு மூச்சு திணறியது. ஆபத்து நேரத்தில் பாதிரியாருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது என் மனைவிக்குத் தெரியும். அவள் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள், மாதா கோயில் மணி கேட்டுக் காபி போடுகிற குடும்பம். வயிற்றில் தையலோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, பெட்டியின் வட்ட ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பஞ்சிலிருந்து மூன்று சொட்டுத் தண்ணீரை மகளின் நெற்றியில் விட்டாள். பெயரைச் சொன்னாள். நாங்கள் பேசி வைத்திருந்த பெயர் அது இல்லை. அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது. நாலெழுத்து, அதில் ஓர் எழுத்துக்குப் புள்ளி. அதை இங்கே எழுத மாட்டேன். ஊரார் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவள் இருக்கவில்லை. அது எங்கள் இருவரிடமே இருக்கட்டும்.

மூன்றாம் நாள் அந்த வார்டு நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். கன்னடக்காரர், தமிழும் சரளமாக வரும். அங்கே வருகிற தகப்பன்மார் எல்லாருக்கும் அவர் வைத்திருக்கும் ஒரே பெயர் 'பேபி அப்பா'.

"பேபி அப்பா, குல்லா ரெண்டு மூணு கொண்டு வாங்க. இந்தப் பிள்ளைங்களுக்குத் தலை வழியாத்தான் சூடு எல்லாம் போயிடும். எல்லாக் குல்லாவும் வெள்ளையா ஒரே மாதிரி இருக்குது, துவைச்சு வந்தா மாறிப்போகுது. பேர் போட்டுடுங்க."

பேர் போட்டுடுங்க என்றதும் எனக்கு உயிர் வந்தது. மூன்று நாளாகக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவனுக்கு, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு வேலை வந்து மாட்டியது. அன்றைக்கே சிவாஜிநகரில் அலைந்து, பொம்மைக்குப் போடுகிற மாதிரி பருத்தி நூல் பின்னிய குல்லா அரை டஜன் வாங்கினேன். நெற்றிப் பக்கம் ஒரு மடிப்பு மடித்துப் போடுகிற ரகம்.

என் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் நானே வரைந்து, ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். தொழிலில் அதைப் பஞ்சிங் என்போம். அந்தக் குல்லாவுக்கு நாலு மில்லிமீட்டருக்கு மேல் எழுத்து நிற்காது. வந்த வாடிக்கையாளர் யாராவது கேட்டிருந்தால் கதவைக் காட்டியிருப்பேன். மெல்லிய ஊசி போட்டேன், மெல்லிய நூல் போட்டேன். குல்லாவை இழுக்காமல் பசைத் தாளில் ஒட்டினேன். மேலே கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு தாளை விரித்தேன். அது இருந்தால்தான் நூல் பின்னலுக்குள் முங்காது. தைத்து முடித்தபின் ஈரக்கையால் தடவினால் கரைந்துவிடும். நெற்றியில் பெயர் பளிச்சென்று வந்தது. அச்சடித்த மாதிரி இருந்தது. எனக்கு நானே "சபாஷ்" சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அதை நர்ஸிடம் நீட்டினேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. குல்லாவை உள்வெளியாகத் திருப்பி, தையலின் பின்பக்கத்தைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார்.

"நோடி அப்பா, நீங்களே தொட்டுப் பாருங்க. குத்துது. இந்தத் தோலு வெங்காயச் சருகு மாதிரி. போட முடியாது."

தொட்டுப் பார்த்தேன். முடிச்சும் நூலுமாக முள்ளுமுள்ளாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கில் குல்லா தைத்திருக்கிறேன், உள்பக்கம் ஒருவர் தலையில் படும் என்று யோசித்ததே கிடையாது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. நர்ஸ் மேல் கோபமும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னால் என் மனைவி, "மாஸ்டர், வந்ததுக்குப் பிள்ளையப் பார்த்துட்டுப் போங்க" என்றாள். என்னைக் கேலி செய்யும்போது அவள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். பார்த்தேன், நின்றபடியே ஒரு நிமிஷம்.

குத்தாமல் தைக்க ஒரு வழி இருந்தது. பெயரை மடிப்பில் தைக்க வேண்டும். மடிப்பு குல்லாவின் மேலேயே படிந்துகொள்வதால் தையலின் பின்பக்கம் இரண்டு அடுக்குக்கு நடுவே போய்விடும், தோலில் படாது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம். மடிப்பைப் பிரித்து வைத்துத் தைக்கும்போது எழுத்து தலைகீழாக இருக்க வேண்டும். அப்போதுதான் மடித்துவிட்ட பிறகு நேராக வரும். புதிதாக வேலை பழகுபவன் முதல் வாரத்தில் இதைத் தப்பாகத் தைத்து வாங்கிக் கட்டிக்கொள்வான். நான் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை. என் மகளின் குல்லாவில் செய்தேன். அவள் பெயரைத் தலைகீழாக மெஷினில் போட எனக்குக் கை வரவில்லை போல. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. மடித்துப் பார்த்து, தலைகீழாக நின்ற நாலெழுத்தைக் கண்டு, தலையில் அடித்துக்கொண்டேன்.

அதைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்க ஆறாம் நாள் பையில் எடுத்துப் போனேன். அன்றைக்குத்தான் மகளை முதல் தடவையாகப் பெட்டியிலிருந்து எடுத்து என் மனைவியின் மார்பில் போட்டிருந்தார்கள். தோலோடு தோல் ஒட்டினால் பிள்ளை தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாய்வு நாற்காலியில் அவள் சரிந்து உட்கார்ந்திருக்க, மகள் அவள் தாடைக்கு அடியில் ஒரு கன்னத்தைப் பதித்துக்கொண்டு கிடந்தாள். தவளைக்குஞ்சு மாதிரி கால்களை மடக்கி வைத்திருந்தாள். என் மனைவி பையைத் துழாவிக் குல்லாவை எடுத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் நர்ஸிடம் கொடுத்துவிட்டாள். நர்ஸ் உள்ளே தடவிப் பார்த்துச் சரியென்று போட்டுவிட்டார்.

"கழட்டுங்க. பேரு தலைகீழா இருக்கு" என்றேன்.

என் மனைவி குனிந்து பார்த்தாள். பெயர் இருந்த பக்கம் மேலே வரும்படி குல்லாவை விரல் நுனியால் கொஞ்சம் திருப்பினாள். பிறகு சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"எங்கங்க தலைகீழா இருக்கு? எனக்கு நேரா இருக்கு. அம்மா படிக்கிற மாதிரி அப்பா தைச்சிருக்காரு, பாரும்மா."

உண்மைதான். பிள்ளை மார்பில் கிடக்கும்போது, தூக்கி வைத்திருப்பவர் மேலிருந்து குனிந்து பார்த்தால் அந்த எழுத்து நேராகத் தெரியும். எதிரே நிற்பவனுக்குத்தான் தலைகீழ். எதிரே நின்றவன் நான்.

அவள் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற மாதிரி. அவள் டீச்சர். எனக்கு அது இனிக்கவில்லை என்பதை இப்போது எப்படிச் சொல்வது? பக்கத்து நாற்காலியில் இன்னொரு தாய் இருந்தார். அவர் கழுத்தைச் சாய்த்து அந்த எழுத்தைப் படிக்க முயன்றதைப் பார்த்தேன். எம்ப்ராய்டரிக்காரன் பெற்ற பிள்ளையின் தலையில் தலைகீழ் எழுத்து என்று என் புத்தி அங்கேயே போய் நின்றுகொண்டது.

"பேபி அப்பா, நீங்களும் உக்காரலாம். கை கழுவிட்டு, சட்டையைக் கழட்டிட்டு, ஒரு மணி நேரம் வச்சிருங்க. அப்பா சூடும் நல்லதுதான்" என்றார் நர்ஸ்.

"நாளைக்கு" என்றேன்.

மறுநாளும் நாளைக்கு என்றேன். குல்லா வேலை பாக்கி இருக்கிறது என்றேன். மெஷின் ஒரு பெயரைத் தைக்க எடுத்துக்கொள்வது நாலு நிமிஷம். மீதி நேரமெல்லாம் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். பயம். என் மார்பில் இருக்கும்போது அவள் மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். பெரிய ஆண்பிள்ளை, பன்னிரண்டு வருடமாகத் தனியாகக் கடை நடத்துகிறவன், ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளையைக் கண்டு நடுங்கினேன். அதை என் மனைவியிடம் சொல்லியிருந்தால் அவள் புரிந்துகொண்டிருப்பாள். சொல்லவில்லை. எழுத்து சரியாக வரவில்லை என்று சொன்னேன்.

மூன்றாவது குல்லாவில் பெயர் நேராக வந்தது, புள்ளி முங்கிப் போனது. பின்னல் கண்ணுக்குள் விழுந்து காணாமலே போய்விட்டது. புள்ளி இல்லாமல் படித்தால் அது பெயரே இல்லை, வாயில் நுழையாத ஏதோ ஒன்று. ஒரு பொட்டுக்காக இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். சின்னதாகப் போட்டால் முங்குகிறது, பெரிதாகப் போட்டால் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய பனியன் துணியில் புள்ளி மட்டும் ஐம்பது அறுபது தடவை தைத்துப் பார்த்தேன். நடுவில் என் மனைவி போன் செய்தாள்.

"இன்னிக்குக் கண்ணைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தா. வரீங்களா?"

"முடிச்சிட்டு வரேன்."

"குல்லா தலையில இருக்குதுங்க. அது போதும். நீங்க வாங்க."

"ஒரு புள்ளிதான் பாக்கி" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் போனை வைத்தாள். கோபக்காரன் நான்தான், அவள் இல்லை. அவள் பேசாமல் வைத்தால் அது என்ன என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலாவது குல்லா பத்தாம் நாள் மத்தியானம் சரியாக வந்தது. எழுத்து நேர், புள்ளி புள்ளியாக நின்றது, உள்ளே குத்தவில்லை. இவ்வளவு சின்ன எழுத்தை இவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் தைத்ததில்லை, பின்னும் தைத்ததில்லை. ஆட்டோ பிடித்து ஓடினேன். நர்ஸ், "இப்போ அப்பா பாஸ்" என்றார். மகளைப் பெட்டிக்குள் திரும்பப் படுக்க வைக்கும்போது குல்லாவை மாற்றினார்கள். வெளியே நின்று பார்த்தேன். யார் பார்த்தாலும் படிக்கலாம், அத்தனை அழகு.

பழைய குல்லா என் மனைவியின் கையில் இருந்தது. வாங்கிப் பையில் போட்டேன்.

"அது எதுக்கு? அது இருக்கட்டுங்க, எனக்கு வேணும்" என்றாள்.

"பிரிச்சு நேரா தைச்சுக் காலையில கொண்டு வந்துடறேன். தப்பா ஒண்ணு இங்க சுத்திக்கிட்டு இருக்கக் கூடாது."

"தப்பு இல்லன்னு சொல்றேன்ல?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழிலில் தப்பு இல்லை என்று எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்றுகூட நினைத்தேன். என் நாக்கைவிட என் நினைப்பு மோசம்.

பதினொன்றாம் நாள் காலையில் கடையில் உட்கார்ந்து, பிளேடு முனையால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மூன்று எழுத்து வந்துவிட்டது. நாலாவதில் பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கி, நூலோடு சேர்த்துப் பின்னலையும் அறுத்தது. பின்னல் ஒரு கண் அறுந்தால் அடுத்ததைப் பிடித்து நிறுத்த முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏணிப்படி மாதிரி அவிழ்ந்து உச்சிவரை ஓடியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. நர்ஸ்தான். "பேபி அப்பா, உடனே வாங்க" என்றார்.

காலையில் நன்றாகத்தான் இருந்தாளாம். ஒரு மணி நேரம் அம்மாவின் மார்பில் கிடந்தாளாம். பத்து மணிக்கு மேல் திடீரென்று நிறம் மாறியது, டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். ஓசூர் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கிக் கொஞ்சம் தூரம் ஓடினேன், வேறோர் ஆட்டோவில் ஏறினேன், அதுவும் நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து குழாய்களை எடுத்துவிட்டிருந்தார்கள்.

என் மனைவி அதே சாய்வு நாற்காலியில் இருந்தாள். மகள் அவள் மார்பில் இருந்தாள். பிளாஸ்திரியும் குழாயும் இல்லாமல் அவள் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். மூக்கு என் மனைவியின் மூக்கு. யாரும் அழவில்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். என் மனைவி நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அந்தக் குல்லா எங்க?" என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள். அவிழ்ந்த இடத்தில் இரண்டு விரலை விட்டு எடுத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதை நாலாக மடித்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

பிறகு, "சட்டையைக் கழட்டுங்க" என்றாள்.

பொத்தான் வரவில்லை, நர்ஸ் கழற்றிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மனைவியே எழுந்து மகளை என் மார்பில் வைத்து, தலையைச் சரித்து, கன்னத்தை என் எலும்பில் பதித்துவிட்டாள். மகள் இன்னும் சூடாக இருந்தாள். அது என் மனைவியின் சூடு. கனமே இல்லை. இதைத் தூக்கத்தான் பயந்தாயா என்று என்னை நானே கேட்டேன். இரண்டு கையையும் அவள் முதுகில் வைத்தேன், என் கறுத்த நகங்களோடு. ஒன்றும் ஆகவில்லை. இனி ஆவதற்கும் ஒன்றுமில்லை.

அவளை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. குனிந்து பார்த்தேன். குல்லாவின் மடிப்பில் நான் தைத்த நாலெழுத்து இருந்தது. எதிரே நின்ற நர்ஸுக்கு நேராக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. எனக்குத் தலைகீழாக இருந்தது. என் கையால் வரைந்த எழுத்து, ஐம்பது அறுபது தடவை தைத்துப் பார்த்த புள்ளி. கண்ணில் தண்ணீரோடு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பெயர் வாய்க்கு வரவில்லை.

என் மனைவி என் தோளில் கை வைத்தாள்.

"அங்கேருந்து தெரியாதுங்க" என்றாள். "காலையில எனக்கும் தெரியல."